பக்கத்து வீட்டுச் சன்னல்

தாய்லாந்துக்காரர்கள் தங்கள் தொலைக்காட்சி நாடகங்களைக் கேலி செய்ய ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 'நாம் நாவ்'. அழுகிய தண்ணீர் என்று அர்த்தம். ஓடாமல் ஒரே இடத்தில் தேங்கி நாறுகிற தண்ணீர். பணக்காரக் குடும்பம், சொத்துச் சண்டை, கதாநாயகியைப் பார்த்தாலே கண்ணை உருட்டும் வில்லி, கேட்பதற்கு முன்பே விழும் கன்னத்து அறை. 'லக்கோன்' என்று அவர்கள் சொல்லும் இந்த நாடகங்களைப் பற்றி, சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்து மணிவரை தமிழ்த் தொடர்கள் ஓடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தண்ணீர் எங்கேயும் ஒன்றுதான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் அவர்கள் வைத்திருக்கும் சொல் 'ஃபீல் குட்'. ஆங்கிலச் சொல்லை அப்படியே தாய் எழுத்தில் எழுதித் தங்கள் சொல்லாகவே ஆக்கிக்கொண்டார்கள். பார்த்து முடித்தால் மனசு லேசாக இருக்க வேண்டும். கதாபாத்திரங்கள் அழலாம், ஆனால் அழுகை அடுத்த வாரத்துக்கு நீளக்கூடாது. இந்த வகைத் தொடர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவை வாயில் போட்டதும் கரைந்துபோகிற பஞ்சுமிட்டாய். நான்கு வருடமாகியும் கரையாமல் இருக்கிற ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

'பேட் படி' 2021 அக்டோபர் 29ஆம் தேதி தொடங்கி 2022 ஜனவரி 21ஆம் தேதி முடிந்த தொடர். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பாகம், மொத்தம் 12 பாகங்கள். ஜிஎம்எம்டிவி தயாரிப்பு, இயக்கம் நோப்பநாட் சைவிமோல். ஒரு நாவலைத் தழுவி எடுத்தது. தாய் மொழியில் அதன் பெயர் 'கே புவன் க்ராப் புவன்'. 'வெறும் நண்பன்தாங்க, நண்பா' என்று தோராயமாகச் சொல்லலாம். அந்த 'க்ராப்' ஆண்கள் வாக்கியத்தின் கடைசியில் போடும் மரியாதைச் சொல். நண்பனை நண்பன் என்று அழுத்திச் சொல்லும்போது மரியாதையும் சேர்ந்துவிட்டால் அதில் ஏதோ மறைக்கப்படுகிறது என்று கேட்பவனுக்குத் தெரிந்துவிடும். தலைப்பிலேயே கதை இருக்கிறது.

பட், ப்ரான் இருவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பையன்கள். இரண்டு குடும்பமும் கட்டுமானப் பொருள் வியாபாரம் செய்கின்றன. இரண்டும் ஜென்மப் பகை. இவன் வகுப்பில் எத்தனை மதிப்பெண் என்று தெரிந்துகொண்டுதான் அவன் வீட்டில் இரவுச் சாப்பாடு. பள்ளிக்கூடத்தில் இருவரும் சேர்ந்து இசைக்குழுவில் வாசித்தது தெரிந்ததும் ப்ரானின் அம்மா மகனை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுகிறார். சில வருடம் கழித்து ஒரே பல்கலைக்கழகத்தில் மறுபடியும் பார்த்துக்கொள்கிறார்கள். பட் பொறியியல், ப்ரான் கட்டடக்கலை. அந்த இரண்டு துறை மாணவர்களுக்கும் நடுவில் ஓயாத அடிதடி. வெளியே ஆளுக்கொரு கும்பலின் தலைவன். உள்ளே, யாரும் பார்க்காதபோது, ஒருவனுக்கு மற்றவன்மேல் பிரியம். ஓம் பவத்தும் நனோன் கோரபத்தும் நடித்திருந்தார்கள்.

பொறியியல் படித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்லிவிட வேண்டும். தாய்லாந்துத் தொடர்களில் பொறியியல் துறை ஒரு கனவுலகம். 2016இல் வந்த 'சோட்டஸ்' தொடரிலிருந்து இது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. சீனியர்கள் வரிசையில் நிற்க வைத்துக் கத்துவார்கள், பற்சக்கரம் ஒன்றைக் கௌரவச் சின்னமாகக் கொடுப்பார்கள், எல்லாரும் தொழிற்பட்டறைச் சட்டையை மாட்டிக்கொண்டு அழகாகத் திரிவார்கள். யாரும் படிக்க மாட்டார்கள். நான் ஸ்கூடாயில் சிவில் படித்த நான்கு வருடத்தில் கான்கிரீட் கனசதுரம் நொறுக்கியதும், விடிகாலை மூன்று மணிக்கு ஆய்வறிக்கை அச்செடுத்ததும்தான் நினைவிருக்கிறது. ஒரு பற்சக்கரமும் கிடைக்கவில்லை.

ஆனால் 'பேட் படி'யில் ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு துறையும் போட்ட சண்டையில் வளாகத்துப் பேருந்து நிறுத்தம் உடைந்துபோகிறது. தண்டனையாக இருவரும் சேர்ந்து அதைச் சீர்செய்ய வேண்டும். வரைகிறவனும் கட்டுகிறவனும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய கட்டாயம். வேலைக்குப் போன பிறகு இந்தக் காட்சியை நினைத்துப் பலமுறை சிரித்திருக்கிறேன். கட்டடக்கலைஞர் அனுப்பும் வரைபடத்தில் தூண் இல்லாத இடத்தில் எப்படிக் கூரை நிற்கும் என்று கேட்டு நான் எழுதிய மின்னஞ்சல்கள் எத்தனை! காதல் வந்ததில்லை. ஆனால் ஒரு பொருளைச் சேர்ந்து கட்டும்போது பகையைத் தொடர்ந்து காப்பாற்றுவது கஷ்டம் என்பது உண்மை. எதிராளி நேற்று என்ன பேசினான் என்பதைவிட இன்றைக்கு போல்ட்டு வந்ததா என்பது முக்கியமாகிவிடும்.

இந்தத் தொடரை நான் அம்மாவோடு பார்த்தேன். வேலையில் சேர்ந்த முதல் வருடம், வீட்டிலிருந்தே வேலை. யூடியூபில் ஒவ்வொரு பாகத்தையும் நான்கு துண்டாக வெட்டிப் போடுவார்கள். ஆங்கிலத் துணை வரிகளை அம்மாவால் வேகமாகப் படிக்க முடியாது, நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். பட்டும் ப்ரானும் பேசிக்கொள்ளும் தாய் மொழியில் 'கூ', 'முங்' என்று வரும். நான், நீ என்பதற்கான மிகக் கரடுமுரடான சொற்கள் அவை. பெரியவர்கள் முன்னால் வாயைத் திறந்து சொல்ல முடியாது. நெருங்கிய நண்பர்களும் எதிரிகளும் மட்டும் பயன்படுத்துவார்கள். அதை நான் 'டா' போட்டு மொழிபெயர்த்தேன். திட்டுவதற்கும் கொஞ்சுவதற்கும் ஒரே எழுத்தை வைத்திருக்கிற நமக்கு இது சுலபமாகப் புரியும்.

ஐந்தாம் பாகத்தில் மொட்டை மாடியில் இருவரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். நான் மொழிபெயர்க்க அங்கே வசனம் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பயற்றங்காய் ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"அப்ப அந்தத் தங்கச்சிய யாரு கட்டிக்கிறது?"

பட்டின் தங்கை பா. அவளுக்கும் இங்க் என்ற பெண்ணுக்கும் பின்னால் வரப்போகும் கதையை நான் சொல்லவில்லை. அது வந்தபோது அம்மா, "அதுவும் அப்படியா? சரி, போடு" என்றார். அம்மாவுக்கு உலகம் மாறிவிட்டது என்றெல்லாம் நான் இதை வைத்துச் சொல்ல மாட்டேன். நம் வீட்டில் நடந்தால் 'சரி, போடு' வந்திருக்காது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் நடப்பதற்கு அம்மா ஒரு சலுகை வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் அம்மா உட்கார்ந்து பார்த்ததற்கு வேறு காரணம் இருந்தது. அந்தத் தொடரில் பெற்றோர் எதிர்ப்பது மகன் ஓர் ஆணைக் காதலிப்பதை அல்ல. அந்த வீட்டுப் பையனைக் காதலிப்பதைத்தான். இதை வைத்துத் தொடரைக் குறை சொன்னவர்கள் உண்டு. உண்மையான பிரச்சினையை மூடிவிட்டு, சொல்ல வசதியான ஒரு பகையை முன்னால் வைத்துவிட்டார்கள் என்று. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படி வைத்ததால்தான் குலாயில் ஒரு தாமான் வீட்டு ஹாலில் அந்தக் கதை வேறொன்றாகத் தெரிந்தது.

எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே வரிசை. நடுவில் மூன்று வீடு. தாத்தா தோட்டத்தில் வேலை செய்து, ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கிய வீட்டில் சித்தப்பா இருக்கிறார். தாத்தா இறந்த பிறகு வீட்டு கிராண்டில் யார் பெயர் ஏறுவது என்பதில் ஆரம்பித்தது. 2006இல் நான் மூன்றாம் வகுப்பு. லேண்ட் ஆபீஸ் போய்வந்த ஒரு மத்தியானம் அப்பாவும் சித்தப்பாவும் தெருவில் நின்று கத்தினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பேசியதில்லை. அன்றைக்கு யார் என்ன வார்த்தை சொன்னார்கள் என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு, மூன்று வீடு தள்ளி வேறொரு கதை உண்டு.

சித்தப்பா மகள் ஷாமினி என்னைவிட மூன்று மாதம் இளையவள். ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே வேன். "வேன்ல அவகூட ஒக்காராத" என்று அப்பா சொன்னதில்லை. சொல்லாமலேயே எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் தள்ளித் தள்ளி ஏறி, முதல் முச்சந்தி தாண்டியதும் சேர்ந்து உட்காருவோம். பரீட்சை முடிவு வரும்போது அம்மா முதலில் கேட்பது என் மதிப்பெண்ணை, அடுத்து "அவ எவ்ளோ?" ப்ரானின் அம்மாவும் இதையே கேட்கும்போது நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மாவும் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

தொடரில் பகையின் காரணம் பிற்பாதியில்தான் தெரியவருகிறது. பட்டின் அப்பாவும் ப்ரானின் அம்மாவும் பள்ளிக்காலத்தில் நெருக்கமாக இருந்தவர்கள். ஓர் உபகாரச் சம்பளத்துக்காக அவர் அவளுக்குத் துரோகம் செய்துவிடுகிறார். அவள் வாழ்க்கை வேறு பாதையில் போகிறது. தன் தப்பை மறைக்க அவர் பகையை வளர்க்கிறார், தன் காயத்தை ஆற்றாமல் அவள் அதை மகனிடம் கொடுக்கிறாள். பிள்ளைகளுக்குப் போய்ச் சேருவது வெறுப்பு மட்டும். அதன் காரணம் சேருவதில்லை. கடனை எழுதிவைத்துவிட்டு எதற்காக வாங்கினோம் என்பதைச் சொல்லாமல் போவது மாதிரி.

இந்த இடத்தில் அப்பா ஹாலில் இருந்தார். வழக்கமாக நாளிதழை விரித்துவைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பாதவர். பட்டின் அப்பா மகனிடம் விட்டுக்கொடுக்காமல் நின்ற காட்சியில், நாளிதழுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த அப்பன்காரனுக்கு என்னா வீம்பு பாரு."

அம்மா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

ஷாமினியும் அதே இரவுகளில் அதே பாகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சிங்கப்பூரில். அவள் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். 2020 மார்ச்சில் எல்லையை மூடுவதற்கு முதல்நாள் துணிப்பையோடு அந்தப் பக்கம் போனவள், பாலம் முழுதாகத் திறந்த 2022 ஏப்ரல்வரை வீடு வரவில்லை. ஆளுக்கொரு கைப்பேசியில் ஒரே நேரத்தில் தொடங்கி, வாட்ஸ்ஆப்பில் எழுதிக்கொண்டே பார்ப்போம். அவளோடுதான் எழுதுகிறேன் என்று அம்மாவுக்குத் தெரியும். கேட்கமாட்டார். "அவளுக்குச் சாப்பாடெல்லாம் ஒழுங்கா கெடைக்குதாமா?" என்று, யாரைப் பற்றி என்று சொல்லாமல் கேட்பார்.

கடைசிப் பாகத்துக்கு வருகிறேன். ஓடிப்போய்க் கடற்கரைக் கிராமம் ஒன்றில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு இருவரும் வீடு திரும்புகிறார்கள். அடுத்துக் காட்டப்படுவது சில வருடங்களுக்குப் பிறகு. இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்று பெற்றோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் நாமும் அப்படித்தான் நம்புகிறோம். ப்ரான் வேலைக்காக சிங்கப்பூர் போய்விட்டுத் திரும்பி வருகிறான். ("அவனும் சிங்கப்பூரா? ஒங்கூட ஒருத்திக்குத் தொணையாச்சு," என்றார் அம்மா.) பிறகுதான் தெரிகிறது, அவர்கள் பிரியவே இல்லை. பெற்றோர் முன்னால் பேசாமல் இருக்கிறார்கள், இரவில் ஒருவன் மற்றவனின் அறைக்குச் சன்னல் வழியாக ஏறிப்போகிறான். பெற்றோருக்கும் அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறார்கள். இரு குடும்பமும் கட்டிப்பிடித்து அழும் காட்சி கிடையாது. மன்னிப்புக் கேட்பது கிடையாது. மதில் இடியவில்லை. சன்னல் மட்டும் சாத்தப்படவில்லை.

பல ரசிகர்களுக்கு இது ஏமாற்றம். எனக்கு, 'ஃபீல் குட்' என்று ஒட்டப்பட்ட ஒரு தொடரில் இதைவிட உண்மையான முடிவைப் பார்த்ததில்லை என்று தோன்றியது. நம் குடும்பங்களில் சமாதானம் அப்படித்தான் வருகிறது. பேசித் தீர்த்துக்கொள்வது படங்களில். நிஜத்தில், தீபாவளிக்கு முதல்நாள் அம்மா ஒரு டப்பாவில் முறுக்கும் நெய் உருண்டையும் போட்டு, நடுவீட்டு ஆன்ட்டியிடம் கொடுப்பார். யாருக்கு என்று சொல்லமாட்டார். இரண்டு நாள் கழித்து அந்த டப்பா திரும்பி வரும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பதால் அதில் அச்சு முறுக்கோ அதிரசமோ இருக்கும். அப்பா அதை எடுத்துச் சாப்பிடுவார். எங்கள் வீட்டில் யாருக்கும் அதிரசம் சுடத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். இது பத்துப் பதினைந்து வருடமாக நடக்கிறது.

இதையெல்லாம் அன்றிரவே ஷாமினிக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். இதுதான் ஆசியக் குடும்பம், இதுதான் நம் அன்பு, சொல்லாமல் செய்வது என்றெல்லாம். அவள் வெகுநேரம் கழித்துக் குரல் செய்தி அனுப்பினாள்.

"ஒனக்கு அது அழகாத் தெரியுது. அவனுங்க எத்தன வருசம் சன்னல் ஏறணும்? பெரியவங்களுக்கு அது வசதி. அவங்க ஒண்ணும் விட்டுக்குடுக்க வேணாம், எறங்கி வர வேணாம். தெரியாத மாதிரி இருந்தா போதும். ஏறி எறங்கறது சின்னவங்கதான். நானும் வேன்ல மூணாவது வகுப்புலேர்ந்து தள்ளித்தான் ஏறுறேன்."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் முழுதாக இல்லை. அதன்பிறகு கடைசிப் பாகத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அவள் சொன்னதற்குப் பிறகு அந்தச் சன்னல் காட்சியில் இரண்டும் தெரிகிறது. வீட்டுக்குள்ளேயே ஒளிந்து வாழ்கிற இரண்டு வளர்ந்த ஆண்களின் சோர்வு. சாத்தாமல் விட்டதைத் தவிர வேறெப்படியும் பிரியத்தைக் காட்டத் தெரியாத பெரியவர்களின் கையாலாகாத்தனம். இயக்குநர் இவற்றில் ஒரு பக்கத்தை எடுக்கவில்லை. எடுக்காததால்தான் அது பஞ்சுமிட்டாயாகக் கரையவில்லை என்று நினைக்கிறேன்.

கதைக்கு வெளியே ஒரு கணக்கும் இருக்கிறது. அந்தப் பாகம் ஒளிபரப்பாகி மூன்று வருடமும் இரண்டு நாளும் கழித்து, 2025 ஜனவரி 23ஆம் தேதி, தாய்லாந்தில் ஒரே பாலினத்தவர் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளும் உரிமை நடைமுறைக்கு வந்தது. பட்டும் ப்ரானும் அங்கே இருந்திருந்தால் அவர்களுக்குச் சன்னல் தேவைப்பட்டிருக்காது, வாசல் வழியாகப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கலாம். மலேசியாவில் குற்றவியல் சட்டத்தின் 377ஏ பிரிவு அப்படியே இருக்கிறது. இங்கே இருக்கிற பட், ப்ரான்களுக்கு அந்தத் தொடர் 'ஃபீல் குட்'டாக இருந்திருக்குமா என்பதை நான் அவர்கள் சார்பில் சொல்ல முடியாது. ஆனால் சட்டம் வாசலைத் திறந்தாலும், பக்கத்து வீட்டு அப்பா காப்பி குடித்துக்கொண்டே மகனிடம் "அந்தப் பையன் வந்துட்டானா?" என்று வாய்விட்டுக் கேட்பதற்குச் சட்டம் போட முடியாது. தொடர் பேசுவது அந்த இரண்டாவது வாசலைப் பற்றி.

குறைகள் இல்லாத தொடர் அல்ல இது. திடீரென்று கதையை நிறுத்திவைத்துவிட்டு முகப்பூச்சையும் சிற்றுண்டியையும் நமக்குக் காட்டுவார்கள். அம்மா இதற்குத் தமிழ்த் தொடரே மேல், விளம்பரத்தைத் தனியாகவாவது போடுகிறான் என்றார். அடிதடிக் காட்சிகளில் யாருக்கும் வலிப்பதாகத் தெரியவில்லை. ப்ரானின் அம்மா திஸ்ஸயாவின் காயத்துக்கு இன்னும் இரண்டு காட்சி கொடுத்திருக்கலாம். இழந்தது அவள்தான். வில்லியாக நிற்க வேண்டியதும் அவள்தான் என்பது எனக்கு உறுத்தியது. ஆனாலும் யாராவது தாய்லாந்துத் தொடர் ஒன்று சொல் என்றால் இதைத்தான் சொல்கிறேன்.

ஷாமினிக்கு வரும் தை மாதம் கல்யாணம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பத்திரிகையோடு தனியாக வந்தாள். சித்தப்பாவோ சித்தியோ கூட வரவில்லை. நடுவீட்டு ஆன்ட்டியிடம் கொடுத்தனுப்பவும் இல்லை. மூன்று வீட்டைத் தெருவோடு நடந்து, முன்கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "பெரியப்பா, பத்திரிகை குடுக்க வந்தேன்" என்றாள். அப்பா எழுந்து நின்றார். சட்டையில்லாமல் இருந்தவர், ஓடிப்போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். "சாப்பிட்டியாம்மா?" என்றார். பத்தொன்பது வருடத்தில் அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

பத்திரிகை சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. அதில் பெரியவர்கள் வரிசையில் தாத்தா பாட்டியின் பெயருக்கு அடுத்து அப்பாவின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். யார் போடச் சொன்னது என்று ஷாமினியிடம் கேட்டேன். "நான் சொல்லல. அச்சடிச்சி வந்தப்பதான் பார்த்தேன்" என்றாள். அப்பா போவாரா என்று இன்னும் சொல்லவில்லை. அம்மா ஒரு வேட்டியை எடுத்துச் சலவைக்குப் போட்டிருக்கிறார்.